கண்ணாடிக் கெளுத்தி வாங்கப் போறீங்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கப்பி, மோலி, கோல்ட் ஃபிஷ் தொட்டிகளைத் தாண்டி உள்ளே போனால், ஏதாவது ஒரு மூலைத் தொட்டியில் கண்ணும் முள்ளும் மட்டும் மிதப்பதுபோல ஒரு கூட்டம் நிற்கும். கடைக்காரர் 'கிளாஸ் கேட்' என்பார்; சிலர் 'கோஸ்ட் ஃபிஷ்' என்பார்கள். கண்ணாடிக் கெளுத்தி. பார்த்ததும் வாங்கத் தோன்றும். பார்த்த அன்றே வாங்கிப் புதுத் தொட்டியில் விட்டால் பெரும்பாலும் ஒரு வாரம் தாங்காது.

கப்பியும் மோலியும் இந்த ஊர்ப் பிள்ளைகள். கொளத்தூர் சுற்றுவட்டார வீடுகளின் சிமென்ட் தொட்டிகளில் பிறந்து, நம் உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்தவை. கண்ணாடிக் கெளுத்தி தாய்லாந்துப் பக்கத்து ஆறு, ஓடைகளைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து, பையில் அடைத்து, விமானத்தில் அனுப்புகிறார்கள். உப்பு குறைந்த தண்ணீர், மெல்லிய ஓட்டம், கூட்டம் ஆகிய மூன்றும் இல்லாமல் அதற்கு வாழத் தெரியாது. அதனால் வடசென்னையில் இதை வளர்க்கும் வேலையில் முக்கால்வாசி, மீன் வீட்டுக்கு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் தடவை: பார்க்க மட்டும் போங்கள்

பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கடையில் 'கிளாஸ்' என்று பெயர் வைத்து விற்கும் எல்லாமே இந்த மீன் இல்லை. முதலில் அடையாளம் பிடிபட வேண்டும்.

தொட்டியின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தலைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு வெள்ளிப் பை. குடல், ஈரல் எல்லாம் அதற்குள் அடக்கம். அங்கிருந்து வால் வரை முதுகெலும்பைத் தவிர எதுவும் தெரியாது. பின்னால் இருக்கும் செடியின் இலை நரம்பு மீனுக்கு ஊடாகத் தெரியும். மேல்தாடையிலிருந்து இரண்டு நீள மீசைகள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். செதில் கிடையாது. முதுகுத் துடுப்பைத் தேடினால் அகப்படாது, உற்றுப் பார்த்தால் மயிரிழைபோல ஒன்று இருக்கும். அடிப்பக்கத் துடுப்போ வயிற்றிலிருந்து வால்வரை நீண்டு ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். முழுதாக வளர்ந்தாலும் 6, 7 சென்டிமீட்டர்தான். சந்தையில் கிடைக்கிற ஆற்று வாளைக்கு இது ஒரே குடும்பத்துச் சொந்தம் (காசிமேட்டில் நாடாபோல நீண்டு கிடக்கும் கடல் வாளை வேறு). அந்தத் தட்டை உடலையும் நீண்ட அடித்துடுப்பையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பழைய புத்தகங்களில் இதற்கு க்ரிப்டாப்டெரஸ் பைசிர்ரிஸ் என்று பெயர் போட்டிருப்பார்கள். அது வேறு மீன். 15 சென்டிமீட்டர் வரை வளரும், இவ்வளவு தெளிவாகவும் இருக்காது. கடைக்கு வருகிற சின்ன மீனைத் தனி இனம் என்று பிரித்து, க்ரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்று 2013-இல்தான் ஹியோக் ஹீ இங், மாரிஸ் கொட்டலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். இணையத்தில் தேடும்போது இந்த இரண்டாவது பெயரைப் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் பெரிய மீனுக்கான குறிப்பைப் படித்துவிட்டுச் சின்ன மீனை வளர்ப்பீர்கள்.

குழப்புகிற மீன்கள் மூன்று. உயரமான சப்பை உடம்பும் முதுகில் இரண்டு துடுப்பும் இருந்து, மீசை இல்லாவிட்டால் அது நம் நாட்டுக் கண்ணாடி மீன், பரம்பாசிஸ் ரங்கா. நல்ல மீன்தான், ஆனால் கெளுத்தி இல்லை. அதற்குத்தான் ஊசியால் பச்சை, பிங்க் சாயம் ஏற்றி 'கலர் கிளாஸ்' என்று விற்பார்கள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உடம்பின் நீளவாக்கில் கருங்கோடு ஓடி, முதுகுத் துடுப்பு தெளிவாகத் தெரிந்து, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆப்பிரிக்கக் கண்ணாடிக் கெளுத்தி. முதுகுத் துடுப்பில் மஞ்சளும் கறுப்பும் இருந்தால் எக்ஸ்ரே டெட்ரா.

நிஜமான கண்ணாடிக் கெளுத்தியின் உடம்பிலும் வானவில் நிறம் மின்னும். அது சாயம் இல்லை. வெளிச்சம் அதன் தசை அடுக்குகளின் ஊடே புகுந்து சிதறுவதால் வருவது என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மீன் நீந்தும்போது நிறம் வந்து வந்து போகும். சாயம் ஏற்றிய மீனில் நிறம் ஒரே இடத்தில் அப்படியே இருக்கும். கடையில் நிற்கும்போது இந்த ஒரு வித்தியாசமே போதும்.

பார்த்தாயிற்றா? கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: "அண்ணே, இந்தத் தொட்டித் தண்ணி டி.டி.எஸ் எவ்ளோ வச்சிருக்கீங்க?" டி.டி.எஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு. நல்ல கடைக்காரர் மீட்டரை எடுத்து முக்கிக் காட்டுவார். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

நம் வீடுகளில் ஒரே குழாயில் ஒரே தண்ணீர் வருவதில்லை. ஒருநாள் மெட்ரோ வாட்டர், ஒருநாள் லாரி, மற்ற நேரம் போர் (ஆழ்துளைக் கிணறு). மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். இந்த மீனுக்கு அதுதான் முதல் ஆபத்து.

மெட்ரோ தண்ணீர் மோசமில்லை. புழல் ஏரித் தண்ணீரும், வடசென்னையின் பல பகுதிகளுக்கு 2010 முதல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் ஓடும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீரும் வருகின்றன. இரண்டிலும் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் கதை வேறு. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்க நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல காலம் ஆகிறது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மோலி அதில் குட்டி போடும். கண்ணாடிக் கெளுத்தி செத்துப்போகும்.

செய்ய வேண்டியது: ஒரு டி.டி.எஸ் மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று. டி.டி.எஸ் 250-க்குள்ளும், பி.எச் 6-க்கும் 7-க்கும் நடுவிலும் இருந்தால் இந்த மீனுக்கு உத்தமம். பி.எச் 7.2 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு நாள் 6.5, மறுநாள் 7.5 என்று ஆடுவதுதான் கொல்லும். பி.எச்சை இறக்க, ஏற்ற என்று விற்கிற திரவப் புட்டிகளைத் தொடாதீர்கள்.

தண்ணீர் உப்பாக இருந்தால் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். கணக்கு சுலபம். போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளி போருக்கு நான்கு வாளி ஆர்.ஓ. கலந்தால் ஏறக்குறைய 210 வரும். தனி ஆர்.ஓ. மட்டும் வேண்டாம். அதில் தாது உப்பே இல்லாததால் பி.எச் திடீரென்று சரிந்துவிடும். கேன் தண்ணீரும் ஏறக்குறைய ஆர்.ஓ. மாதிரிதான், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வொரு கேனையும் அளந்த பிறகே ஊற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் நேராக வந்தால், ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டும் விட்டுப் பயன்படுத்தலாம். அந்த டிரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். லாரி வராத வாரத்தில் அதன் அருமை தெரியும்.

காய்ந்து சிவந்து தானாக விழுந்த பாதாம் இலை கிடைத்தால் எடுத்துக் கழுவி ஒன்றிரண்டு போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும்; மீனுக்குப் பிடித்த நிறம். பஸ் போகிற ரோட்டோர மரத்து இலையைத் தவிருங்கள்.

வெயில்

இந்த மீனுக்கு 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் சுகம். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுத் தொட்டி 31, 32 தொடும். அதிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை, மேற்குச் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிடிக்கிற நல்ல தண்ணீர், 30 டிகிரியில் 7.6 தான் பிடிக்கும்.

தரைத்தளம், வடக்கு அல்லது கிழக்குச் சுவர், தரையோடு ஒட்டிய ஸ்டாண்ட் என்று இடம் பாருங்கள். கோடையில் தொட்டியின் மேல்மூடியில் பாதியைத் திறந்து, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஊதவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. மட்டும் ஊற்றுங்கள், போர் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். அறையில் ஏ.சி. இருந்து ராத்திரி மட்டும் ஓடுகிறது என்றால், பகலுக்கும் ராத்திரிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று சில நாள் அளந்து பாருங்கள். தினமும் நாலைந்து டிகிரி ஏறி இறங்குகிற அறை இந்த மீனுக்கு ஆகாது. இதற்கு வழி இல்லாத வீட்டில் கண்ணாடிக் கெளுத்தி வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே கப்பி ஜோராக வளரும்.

தொட்டியும் காத்திருப்பும்

3 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்: ஏறக்குறைய 85 லிட்டர். எட்டு மீனுக்கு இது சரி. 2 அடித் தொட்டியிலும் சிலர் வைக்கிறார்கள், ஆனால் கூட்டமாக நீந்த நீளம் வேண்டும். ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று, கூடவே மெல்லிய ஓட்டம் தருகிற சின்ன பவர் ஃபில்டர் ஒன்று. கருநிற மணல் அல்லது கருஞ்சரளை போட்டால் மீன் பயமில்லாமல் நடுவில் வந்து நிற்கும். காசிமேட்டில் பொறுக்கிய சிப்பி, கடல் மணல், வெள்ளை மார்பிள் கல் மூன்றும் கூடாது. அவை கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும். ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், மேலே மிதக்கிற செடி கொஞ்சம், மங்கிய வெளிச்சம். மூடி கட்டாயம்.

இப்போது ஃபில்டரை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, மீன் இல்லாமல் காத்திருக்க வேண்டும். தீனி அழுகி அமோனியா உண்டாகும். அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பான்ஜில் குடியேறி முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பான்ஜ் ஒன்றைக் கொடுத்தால் காலம் பாதியாகும். டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் கொஞ்சம் என்று வந்த பிறகுதான் கொளத்தூர் பஸ்.

இரண்டாம் தடவை: வாங்க

வெயில் இறங்கிய பிறகு, மாலையில் போங்கள். "புது லாட் வந்து எத்தனை நாள் ஆச்சுண்ணே?" என்று கேளுங்கள். 'நேத்துதான் வந்துச்சு' என்றால் நன்றி சொல்லி ஒரு வாரம் கழித்து வாருங்கள். பயணத்தில் அடிபட்ட மீன் சாவதென்றால் பெரும்பாலும் அந்த வாரத்தில் கடையிலேயே செத்துவிடும்.

உடம்பில் எங்காவது பால் கலந்ததுபோல மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மீன் உடல்நிலையை மறைக்க முடியாத மீன்: தெளிவாக இருந்தால் சுகம், மங்கினால் ஏதோ சரியில்லை, செத்தால் முழு வெள்ளை. நல்ல மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக ஒரே திசை பார்த்து, வால் சற்றே தாழ நடுத்தண்ணீரில் நிற்கும். அடியில் படுத்திருப்பது, தனியாக மூலையில் ஒதுங்குவது, மீசை ஒடிந்தது, துடுப்பில் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி எதுவாக இருந்தாலும் அந்தத் தொட்டியில் ஒரு மீனும் வேண்டாம். நன்றாக இருக்கிற இரண்டை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு வரும். தண்ணீர் ஒன்றுதானே.

"கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தின்கிற மீன்தான் நம் காசுக்கு மீன். ஆறுக்குக் குறைந்து வாங்காதீர்கள், எட்டு வாங்கினால் நிம்மதி. 'இப்ப ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க, அப்புறம் சேத்துக்கலாம்' என்று கடையில் சொல்வார்கள். ஜோடியாகப் போன மீன் பட்டினி கிடந்தே செத்துவிடும். வலையால் பிடித்தால் மீசை சிக்கும். மக்கில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கவர், ஆக்சிஜன், வெளியே செய்தித்தாள் சுற்றியது. பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைக்காதீர்கள், கொதிக்கும்.

வீட்டில் முதல் வாரம்

அறை விளக்கை அணைத்துவிட்டுக் கவரைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு மீனைக் கவர்த் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறக்குங்கள். கடையில் குறித்த டி.டி.எஸ் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் இன்னும் மெதுவாக. வாளித் தண்ணீர் மூன்று மடங்கு ஆனதும் மக்கால் மீனை மட்டும் மொண்டு தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. வேறு மீன் ஏற்கெனவே இருக்கிற தொட்டி என்றால், மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கலாம்.

அன்றைக்குத் தீனி இல்லை. இரண்டு மூன்று நாள் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணாடியைத் தட்டி வரவழைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். முதல் வாரம் தொட்டிமேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.

தீனி விஷயத்தில் இது கொஞ்சம் பிகு பண்ணும். அடியில் விழுந்ததையும் மேலே மிதப்பதையும் பார்க்காது, எதிரே மிதந்து வருவதைத்தான் கொத்தும். அதனால் ஃபில்டர் தண்ணீர் வெளியேறும் இடத்தில், ஓட்டத்தோடு போகிற மாதிரி போடுங்கள். தொடக்கத்தில் உயிர்த்தீனி இருந்தால் நல்லது. ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) பொரிப்பது சுலபம், அதற்கு வேண்டிய 27, 28 டிகிரி நம் கூடத்திலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பு கரைத்து, அரை ஸ்பூன் முட்டை போட்டு, தலைகீழாக வெட்டிய பெட் பாட்டிலில் வேகமாகக் காற்று விடுங்கள். ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் முட்டை ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் சேரும். அதை மட்டும் டியூபில் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

கடையில் கரண்டிக் கணக்கில் விற்கிற டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடை மண்ணில் வளர்வது. இந்த மீனுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொசுப்புழு அருமையான தீனி. ஆனால் அதற்காக மாடியில் வாளி வைத்தால் மாநகராட்சிக் கொசு ஒழிப்பு ஊழியர் வந்து அபராதம் போடுவார், அவர் செய்வதுதான் சரி. பழகிய பிறகு உறைய வைத்த பிளட் வார்ம் சிறிதாக நறுக்கியது, மெல்ல மூழ்கும் நுண் பெல்லட் எல்லாம் ஏற்கும்.

கூட வைக்க நியான் டெட்ரா, ஹார்லிக்வின் ராஸ்போரா, கோரிடோராஸ். டைகர் பார்ப் மீசையைக் கடிக்கும், ஏஞ்சல் துரத்தும், மோலிக்கு வேண்டிய தண்ணீரே வேறு.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை டிரம் தண்ணீரால் மாற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

கொசுவும் கரண்ட்டும்

கொசுவிரட்டிகளில் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கிற அறையில் கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே மூன்றும் கூடாது. வலை கட்டிப் படுங்கள். தெருவில் புகை மருந்து அடிக்கிற வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்த பிறகு திறவுங்கள். போகி காலையிலும் இதேதான்.

மழைக்காலத்துக்கு முன், ஐப்பசி பிறப்பதற்குள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் தீனி போடக் கூடாது. ஃபில்டர் பல மணிநேரம் நின்றுவிட்டால் உள்ளே பாக்டீரியா செத்து அழுகியிருக்கும். பஞ்சை அலசாமல் மறுபடி ஓடவிட்டால் அந்த அழுக்கெல்லாம் மீன்மேல் வரும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மற்ற மீனுக்குச் செய்கிற மாதிரி உப்பு அள்ளிப் போடாதீர்கள். செதில் இல்லாத மீன், மருந்தைத் தாங்காது. மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால் புட்டியில் போட்ட அளவில் பாதி, விளக்கை அணைத்து, காற்றைக் கூட்டி, மீனைப் பக்கத்திலிருந்து கவனித்தபடி. உடம்பு திடீரென்று மங்கினால் மருந்தைத் தேடும் முன் அமோனியாவை அளந்து, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பாதி நேரம் அதிலேயே தெளிந்துவிடும்.

நாளடைவில் கூட்டம் ஆறுக்கும் கீழே குறைந்தால், புதிதாக நாலைந்தைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். தொடர்ந்து வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ரெட்டேரியிலோ புழலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, பெரிதானதும் யாரோ ஏரியில் விட்ட சக்கர் மீன்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.